சின்ன மில்லிங் மெஷினை சிஎன்சி ஆக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையால் சக்கரம் சுற்றி ஓட்டும் மேசை மில்லிங் மெஷினில் மோட்டார்களைப் பூட்டி, கம்ப்யூட்டரால் ஓட்ட (அதுதான் சிஎன்சி) நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலோர் முதலில் கேட்பது மோட்டார், அதற்கு மின்சாரம் தரும் டிரைவர், மென்பொருள் பற்றித்தான். என் பதில்களில் கணிசமான பகுதி திருகு, பேரிங், டேபிள் சறுக்கி நகரும் ஸ்லைடு பற்றியே இருக்கும். இந்த வேலை நன்றாக வருவதும் வராததும் அங்கேதான் முடிவாகிறது.

எந்த மெஷினையும் மாற்றலாமா?

மூன்று அச்சும் திருகால் நகர்கிற எதையும் மாற்றலாம். மாற்றத் தகுதியானதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். டேபிளின் இரண்டு முனைகளையும் பிடித்து எதிரெதிராக ஆட்டிப் பாருங்கள். கட்டரைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் மூக்கில், நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜ் முள்ளை வைத்து, தலையைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டையான கிப்பை இறுக்கியதும் ஆட்டம் போய்விட்டால் நல்லது. நடுவில் சரியாக இருந்து ஓரத்துக்குப் போனதும் டேபிள் சிக்கிக்கொண்டால், ஸ்லைடு நடுவில் தேய்ந்திருக்கிறது. அதைச் சரி செய்யாமல் மோட்டார் பூட்டுவதில் பயனில்லை.

டிரில்லிங் மெஷினில் எக்ஸ்-ஒய் டேபிள் வைத்து மாற்றலாமா?

வேண்டாம். அதன் ஸ்பிண்டில் பேரிங்குகள் மேலிருந்து வரும் அழுத்தத்துக்கானவை, பக்கவாட்டு விசைக்கானவை அல்ல. கருவியைப் பிடிக்கும் சக்கும் கூம்பு வடிவ டேப்பர் பிடிப்பில் மட்டுமே நிற்கிறது. இழுத்துப் பிடிக்க உள்ளே போல்ட் கிடையாது. பக்கவாட்டில் வெட்டும்போது அதிர்வில் சக் கழன்று சுழன்றபடியே கீழே விழும்.

மாற்றினால் மெஷின் இப்போது இருப்பதைவிடத் துல்லியமாகுமா?

தானாக ஆகாது. தலையைத் தாங்கும் தூணான காலம் சாய்ந்திருந்தால் சாய்ந்தபடியேதான் வெட்டும். எக்ஸும் ஒய்யும் செங்குத்தாக இல்லையென்றால் சதுரம் சாய்சதுரமாகத்தான் வரும், அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி. மாற்றத்தால் கிடைப்பவை வேறு: வட்டம், வளைவு, சாய்தளம் போன்ற கையால் வராத வடிவங்கள், ஒரே பாகத்தைத் திரும்பத் திரும்ப ஒரே அளவில் செய்வது, ஐம்பது துளைகளின் இடத்தை எண்ணிக்கொண்டே சக்கரம் சுற்ற வேண்டியதில்லை என்ற நிம்மதி. மாற்றும்போது திருகையும் பேரிங்கையும் நல்லதாகப் போட்டால் துல்லியமும் கூடும். அந்தப் புண்ணியம் திருகுக்கும் பேரிங்குக்கும்தான்.

கையால் ஓட்டும்போது பேக்லாஷ் (திசை மாறும்போது திருகில் தெரியும் ஆட்டம்) தொல்லை தரவில்லையே. சிஎன்சியில் மட்டும் ஏன் இத்தனை பேச்சு?

கையால் ஓட்டுகிறவர் தெரிந்தோ தெரியாமலோ அதைச் சமாளித்துக்கொண்டே இருக்கிறார். அளவைத் தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்கு வந்து, மறுபடி அதே திசையில் முன்னேறி நிறுத்துகிறார். ஒரு அச்சை மட்டும் நகர்த்தும்போது மற்றதைப் பூட்டி வைக்கிறார். கட்டர் டேபிளை இழுக்கும் திசையில் வெட்டாமல் தவிர்க்கிறார்.

கம்ப்யூட்டருக்கு இந்தப் பழக்கங்கள் எதுவும் இல்லை. வட்டம் வெட்டும்போது இரண்டு அச்சும் சேர்ந்து ஓடுகின்றன. ஒரு சுற்றுக்கு ஒவ்வொரு அச்சும் இரண்டு முறை திசை மாறுகிறது. திசை மாறும் அந்த நான்கு இடங்களிலும் நட்டுக்கும் திருகுக்கும் நடுவில் உள்ள இடைவெளி கடக்கும் வரை டேபிள் அசையாது. வட்டத்தில் நான்கு இடத்தில் தட்டையாகவோ சின்னப் படியாகவோ தெரிவது அதுதான்.

இன்னொரு பிரச்சினை இதைவிட மோசம். கட்டர் சுழலும் திசையும் டேபிள் நகரும் திசையும் ஒன்றாக அமையும் கிளைம்ப் மில்லிங்கில், கட்டர் ஜாபை, அதாவது வெட்டப்படும் பொருளை, தன்பக்கம் இழுக்கும். இடைவெளி இருந்தால் டேபிள் சட்டென்று அந்த அளவு முன்னால் தாவும். கட்டரின் ஒரு பல் எடுக்க வேண்டியதைவிடப் பல மடங்கு தடிமனாக எடுக்கும். சின்ன கட்டர்கள் உடைவதற்கு இது முக்கியக் காரணம்.

மென்பொருளில் பேக்லாஷ் ஈடுகட்டும் வசதி இருக்கிறதே, அது போதாதா?

மெஷினை ஓட்டும் மென்பொருள்களான லினக்ஸ்சிஎன்சியிலும் மாக்3இலும் இருக்கிறது. திசை மாறும்போது இடைவெளியின் அளவு திருகைக் கூடுதலாகச் சுற்றிவிடும். துளை போடும் வேலைக்கு நன்றாகவே உதவும், ஏனென்றால் துளையின் இடத்துக்குப் போன பிறகுதான் வெட்டு நடக்கிறது. ஆனால் இடைவெளி இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். வெட்டு விசை டேபிளை அதற்குள் தள்ளுவதை எந்த மென்பொருளாலும் தடுக்க முடியாது. 0.02 மி.மீ. மிச்சத்தை ஈடுகட்டச் சரி; 0.2 மி.மீ. ஆட்டத்தை மறைக்க இதை நம்பக் கூடாது.

அப்போது பால் ஸ்க்ரூ கட்டாயமா?

கட்டாயமில்லை. ஆனால் பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால் முதலில் இங்கே என்பேன்.

மெஷினோடு வந்த சாதாரண திருகில் நட்டும் திருகும் ஒன்றின்மேல் ஒன்று உரசி நகர்கின்றன. மோட்டார் தரும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் குறைவுதான் தள்ளும் விசையாக மாறுகிறது. மீதி உராய்வில் சூடாகப் போகிறது. பால் ஸ்க்ரூவில் நடுவே குண்டுகள் உருளுவதால் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும் திருகில் 1 நியூட்டன்-மீட்டர் திருப்புவிசை கொடுத்தால், பால் ஸ்க்ரூவில் சுமார் 1,130 நியூட்டன், அதாவது 115 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை வரும். 30 சதவீதத் திறனுள்ள சாதாரண திருகில் அதே மோட்டாரால் 38 கிலோ அளவுதான். பெரிய மோட்டார் வாங்குவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

சின்ன மெஷின்களில் அதிகம் போடப்படுவது 1605 என்ற அளவு: 16 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு. சி7 தரத் திருகில் 300 மி.மீ. நீளத்துக்கு 0.05 மி.மீ. வரை பிழை இருக்கலாம். பொழுதுபோக்கு வேலைகளுக்கு இது தாராளம். நீளப் பிழையைவிட நட்டில் உள்ள ஆட்டம்தான் முக்கியம். அதனால் இரட்டை நட்டோ, கொஞ்சம் பெரிய குண்டுகள் போட்ட நட்டோ கிடைத்தால் அதை எடுங்கள்.

இடம் ஒரு சிக்கல். 1605 நட்டின் உடலே 28 மி.மீ. விட்டம் வரும், அதன் விளிம்பு இன்னும் பெரியது. டேபிளுக்கும் அதைத் தாங்கும் சேடிலுக்கும் நடுவில் அவ்வளவு இடம் பல மெஷின்களில் இருக்காது. சேடிலைக் குடைய வேண்டியிருக்கலாம். எவ்வளவு குடைந்தால் சேடில் பலவீனமாகும் என்று பார்த்துவிட்டுத் திருகை வாங்குங்கள்.

அப்புறம், நட்டைத் திருகிலிருந்து அப்படியே கழற்றி எடுத்துவிடாதீர்கள், குண்டுகள் எல்லாம் கொட்டிவிடும். திருகின் பள்ள விட்டத்துக்குச் சமமான குழாய்த் துண்டை முனையில் வைத்து, நட்டை அதன்மேல் ஏற்றிக் கழற்ற வேண்டும்.

நல்ல பால் ஸ்க்ரூ போட்டும் ஆட்டம் இருக்கிறதே?

பெரும்பாலும் திருகின் முனை பேரிங்கில்தான் இருக்கும். சாதாரண பால் பேரிங்குக்கு அச்சுத் திசையில் கொஞ்சம் ஆட்டம் உண்டு. திருகு முழுவதுமே முன்பின் நகரும். ஒரு முனையில், அச்சுத் திசை விசையையும் தாங்கும் ஆங்குலர் காண்டாக்ட் பேரிங் இரண்டை எதிரெதிராக வைத்து, நட்டால் இறுக்கி முன்சுமை கொடுக்க வேண்டும். மறுமுனையில் திருகு சூட்டில் நீள இடம் விட்டு, வெறும் தாங்கல் போதும். பேரிங் பிளாக்கைத் தயாராக வாங்கினால் உள்ளே என்ன பேரிங் இருக்கிறது என்று திறந்து பாருங்கள். மலிவானவற்றில் சாதாரண பேரிங் இருப்பது சகஜம்.

மோட்டார் கப்ளிங்கையும் பாருங்கள். அலுமினிய உருளையில் சுருள் சுருளாக வெட்டுப் போட்ட வகை முறுக்கத்தில் ஸ்பிரிங் போல வளைந்து கொடுக்கும். நடுவில் ரப்பர் நட்சத்திரம் வைத்த ஜா கப்ளிங்கோ, டைமிங் பெல்ட்டோ போட்டால் நிம்மதி.

மின்சாரத்தை நிறுத்தியதும் இசட் அச்சு தானாக இறங்குகிறது. ஏன்?

பால் ஸ்க்ரூவின் உராய்வு குறைவு என்பதன் மறுபக்கம் இது. தலையின் எடையே திருகைச் சுற்றிவிடும். பழைய திருகு உராய்வால் தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருந்தது. கேஸ் ஸ்பிரிங்கோ எதிர் எடையோ வைத்துத் தலையின் எடையைத் தாங்கலாம், அல்லது பிரேக் உள்ள மோட்டார் போடலாம். இரண்டில் ஒன்று வேண்டும். அவசர நிறுத்தத்தை அழுத்தியதும் தலை ஜாபின்மேல் இறங்கினால் அந்தப் பட்டன் இருந்து என்ன பயன்?

ஸ்டெப்பரா, சர்வோவா?

ஸ்டெப்பர் துடிப்புக்கு ஒரு அடி வீதம் சுற்றும் மோட்டார்; சர்வோ தன் இடத்தை அளந்துகொண்டே சுற்றும் மோட்டார். இந்த அளவு மெஷினுக்கு ஸ்டெப்பர் போதும். சொன்ன இடத்துக்குப் போனதா என்று சாதாரண ஸ்டெப்பருக்குத் தெரியாது. சுமை மீறினால் ஸ்டெப் தவறிவிட்டு எதுவும் நடக்காதது போல ஓடும். சுழற்சியை அளக்கும் என்கோடர் வைத்த குளோஸ்டு லூப் ஸ்டெப்பர் தவறினால் பிழை காட்டி நிற்கும். கைக்கு எட்டினால் அதை எடுக்கலாம்.

நேமா 23 என்றால் எவ்வளவு பலம்?

நேமா எண் பலத்தைச் சொல்வதில்லை, முகப்புத் தட்டின் அளவைத்தான் சொல்கிறது. 23 என்றால் 2.3 அங்குலம், சுமார் 57 மி.மீ. அதே முகப்பில் 1 நியூட்டன்-மீட்டருக்குக் குறைவான மோட்டாரும் உண்டு, 3க்குப் பக்கத்தில் போவதும் உண்டு.

அந்த எண்ணும் நிற்கும்போது தரும் பிடிப்பு விசைதான். வேகம் ஏற ஏற ஸ்டெப்பரின் திருப்புவிசை சரிந்துகொண்டே போகும். வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது வேகத்துக்கு எதிரான திருப்புவிசை வரைபடம். டேபிள் நிமிடத்துக்கு 3,000 மி.மீ. ஓட வேண்டும், திருகு 5 மி.மீ. என்றால் மோட்டார் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்ற வேண்டும். அந்த வேகத்தில் என்ன மிஞ்சுகிறது என்று வரைபடத்தில் பாருங்கள். பிடிப்பு விசை குறைவாக இருந்தாலும் இண்டக்டன்ஸ் (சுருள் மின்னோட்ட மாற்றத்தைத் தடுக்கும் அளவு) குறைந்த மோட்டார், 600 சுற்றில் பெரிய மோட்டாரை முந்திவிடுவது உண்டு.

பவர் சப்ளை எத்தனை வோல்ட்?

மோட்டாரின் மேல் எழுதியிருக்கும் 3 வோல்ட், 4 வோல்ட்டைப் பார்த்து வாங்க வேண்டாம். டிரைவர் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்தும். வோல்ட் அதிகமானால் சுருளில் மின்னோட்டம் சீக்கிரம் ஏறும், வேகத்தில் விசை நிற்கும். புழக்கத்தில் உள்ள கணக்கு: இண்டக்டன்ஸை மில்லிஹென்றியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 32ஆல் பெருக்குங்கள். 2 மில்லிஹென்றி என்றால் 45 வோல்ட் வரும். அது உச்ச வரம்பு. டிரைவரின் உச்சத்தையும் பார்த்து, அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விடுங்கள், ஏனென்றால் மோட்டார் சட்டென்று நிற்கும்போது சப்ளைக்குள் திரும்பி வரும் மின்சாரம் வோல்ட்டை ஏற்றும்.

மின்சாரம் இருக்கும்போது மோட்டார் வயரை டிரைவரிலிருந்து கழற்றாதீர்கள். டிரைவர் அங்கேயே போய்விடும்.

மைக்ரோஸ்டெப்பை அதிகமாக வைத்தால் துல்லியம் கூடுமா?

ஒரு ஸ்டெப்பைச் சின்னப் பங்குகளாகப் பிரிப்பதுதான் மைக்ரோஸ்டெப். அதிகமாக வைத்தால் ஓட்டம் மிருதுவாகும், இரைச்சல் குறையும். துல்லியம் அந்த விகிதத்தில் கூடாது. பதினாறில் ஒரு பங்கு என்று வைத்தால், ஒரு மைக்ரோஸ்டெப் நகரக் கிடைக்கும் திருப்புவிசை பிடிப்பு விசையில் சுமார் 10 சதவீதம்தான். ஸ்லைடின் உராய்வு அதைவிட அதிகமாக இருந்தால் மோட்டார் நகராமல் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகு தாவும். எட்டில் ஒரு பங்கு நல்ல நடுவழி.

ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை ஸ்டெப் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சாதாரண ஸ்டெப்பர் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். எட்டில் ஒரு பங்கு மைக்ரோஸ்டெப் என்றால் 1,600. திருகு சுற்றுக்கு 5 மி.மீ. என்றால் 1,600 ÷ 5 = 320. பெல்ட்டில் 2க்கு 1 குறைப்பு இருந்தால் 640.

இந்த எண்ணைக் கணக்கிலிருந்து எடுத்து அப்படியே போடுங்கள். 20 மி.மீ. நகர்த்தி, வெர்னியரில் 19.95 வந்தது என்று எண்ணை மாற்றுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. அந்த 0.05 பேக்லாஷாகவோ, வெர்னியரைப் பிடித்த கோணமாகவோ இருக்கும். அதை இந்த எண்ணில் ஏற்றினால் 200 மி.மீ. போகும்போது அரை மில்லிமீட்டர் தப்பாகிவிடும்.

எந்தக் கட்டுப்பாட்டு மென்பொருள்?

மூன்று அச்சு, எளிய வேலை என்றால் ஜிஆர்பிஎல் நல்ல தொடக்கம். ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன மின்னணுப் பலகையிலேயே ஓடும். நொடிக்குச் சுமார் 30,000 துடிப்பு வரை தரும். மேலே சொன்ன 600 சுற்றுக்கு 16,000 போதும். பேக்லாஷ் ஈடுகட்டும் வசதி அதில் இல்லை. அதே குடும்பத்தில் இன்னும் வேகமான பலகைகளுக்கான ஜிஆர்பிஎல்ஹால், ஃப்ளூயிட்என்சி ஆகியவை இருக்கின்றன.

எனக்குப் பிடித்தது லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்காவின் தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் 1990களில் உருவாக்கிய இஎம்சி என்ற மென்பொருளிலிருந்து வளர்ந்தது, இலவசம், திறந்த மூலம். ஆரம்பத்தில் படிக்க நிறைய இருக்கிறது. ஆனால் நான்காவது அச்சு, கருவி நீளம் அளக்கும் தொடு உணரி, கையில் பிடித்து ஓட்டும் சக்கரம் என்று என்ன சேர்த்தாலும் அதில் இடம் உண்டு. மாக்3 இன்னும் பல இடங்களில் ஓடுகிறது; பழைய பிரிண்டர் இணைப்பான பேரலல் போர்ட் வழியாக அது ஓட்டும் முறை 32 பிட் விண்டோஸில் மட்டுமே வேலை செய்யும் என்பதால் புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சொல்ல மாட்டேன்.

என் கம்ப்யூட்டரில் பேரலல் போர்ட் இல்லை. யுஎஸ்பி மாற்றி வாங்கலாமா?

அது பிரிண்டருக்கானது. ஸ்டெப் துடிப்புகள் நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு அளவு நேரத் துல்லியத்தில் போக வேண்டும்; யுஎஸ்பி தகவலைப் பொட்டலம் பொட்டலமாக அனுப்புவதால் அது முடியாது. துடிப்பைத் தானே உருவாக்கும் பலகை வேண்டும்.

ஜி-கோட் கற்றுக்கொள்ள வேண்டுமா?

ஜி-கோட் என்பது மெஷினுக்குத் தரும் கட்டளை மொழி. வரைபடத்திலிருந்து வெட்டுப் பாதை போடும் கேம் மென்பொருள் அதை எழுதித் தந்துவிடும்; இலவசமாக வேண்டுமானால் ஃப்ரீகேடில் அதற்கான பகுதி இருக்கிறது. ஆனாலும் பத்துக் கட்டளைகளைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தால் நல்லது. ஜி0 வேகமாகப் போவது, ஜி1 வெட்டிக்கொண்டே நேராகப் போவது, ஜி2, ஜி3 வளைவுகள், எம்3 ஸ்பிண்டில் ஓட, எம்5 நிற்க. முக்கியமாக ஜி20, ஜி21. முன்னது அங்குலம், பின்னது மில்லிமீட்டர். மாறிப்போனால் எல்லா அளவும் 25.4 மடங்கு தப்பும்.

இந்த இடத்தில் ஒரு வரலாறு. 1952இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் காட்டப்பட்ட முதல் எண் கட்டுப்பாட்டு மில்லிங் மெஷின், ஏற்கெனவே இருந்த சின்சினாட்டி ஹைட்ரோ-டெல் மெஷினை மாற்றி அமைத்ததுதான். இந்தத் துறையே மெஷின் மாற்றத்தில்தான் தொடங்கியது.

லிமிட் ஸ்விட்ச் இல்லாமல் ஓட்டலாமா?

அச்சு ஓரத்தை மீறாமல் நிறுத்தும் அந்த ஸ்விட்ச் இல்லாமலும் ஓட்டலாம். ஆனால் தொடக்க இடத்தைக் காட்டும் ஹோம் ஸ்விட்ச் இருந்தால் மின்சாரம் போய் வந்தாலும் பழைய இடத்துக்குத் திரும்ப முடியும். எப்போதும் மூடியே இருந்து, அழுத்தினால் திறக்கும் விதமாக இணையுங்கள். வயர் அறுந்தாலும் மெஷின் நின்றுவிடும். ஸ்பிண்டில் வயரோடு சேர்த்துக் கட்டாமல் தனியே கவச வயரில் கொண்டுபோனால் காரணமே இல்லாமல் வரும் லிமிட் பிழைகள் வராது.

அவசர நிறுத்தப் பட்டனை எங்கே இணைப்பது?

கட்டுப்பாட்டுப் பலகைக்கு மட்டும் இணைத்தால் போதாது. மென்பொருள் உறைந்துபோனால் அந்தப் பட்டன் யாரிடம் சொல்லும்? ஸ்பிண்டிலுக்கும் டிரைவர்களுக்கும் போகும் மின்சாரம் கான்டாக்டர் (பெரிய மின்சார ரிலே) வழியாகப் போகட்டும். பட்டன் கான்டாக்டரை நேரடியாக விழச் செய்ய வேண்டும். பட்டனின் இன்னொரு தொடர்பைப் பலகைக்குக் கொடுத்து, நின்றுவிட்டது என்று தெரிவிக்கலாம். பட்டனை விடுவித்ததும் மெஷின் தானே ஓடத் தொடங்கக் கூடாது. தனியாக ஸ்டார்ட் அழுத்திய பிறகே ஓட வேண்டும்.

கைச்சக்கரங்களை விட்டு வைக்கலாமா?

கழற்றிவிடுங்கள். நிமிடத்துக்கு 600 சுற்றில் சுழலும் கைப்பிடி விரலையும் சட்டையையும் பிடிக்கும். கையால் நகர்த்தும் சுகம் வேண்டுமென்றால் மின்னணுச் சக்கரம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

பிரிப்பதற்கு முன்பே மோட்டார் தாங்கி, பேரிங் பிளாக், நட்டுப் பிடிப்பான் எல்லாவற்றையும் அதே மெஷினிலேயே செய்துவிடுங்கள். பிரித்துப் போட்ட பிறகு, ஒரு தட்டில் நான்கு துளை போட மெஷின் இல்லாமல் நின்றுபோன மாற்றங்கள் நிறைய.

அதன்பின் ஸ்லைடைத் துடைத்து, கிப்பைச் சரி செய்து, தலையையும் காலத்தையும் டேபிளுக்குச் செங்குத்தாக்குங்கள். எக்ஸ் அச்சு முதலில். கை வைக்க எளிது. அது ஓடிய பிறகு ஒய். இசட் கடைசி. மின்னணுப் பகுதியை மேசையில் பரப்பி, மோட்டார்களைச் சுமையில்லாமல் ஓட்டிப் பார்த்த பிறகே பெட்டியில் அடையுங்கள்.

முதல் வெட்டுக்கு முன் என்ன சோதிப்பது?

டயல் கேஜை டேபிளுக்கு எதிரே நிறுத்தி, ஒரு திசையில் 1 மி.மீ. நகர்த்திப் பூஜ்யம் வையுங்கள். அப்புறம் எதிர்த்திசையில் 0.01 மி.மீ. ஆக நகர்த்துங்கள். முள் அசையும் வரை கொடுத்தது எவ்வளவோ, அதுதான் பேக்லாஷ். டேபிளின் நடுவிலும் இரு ஓரங்களிலும் பாருங்கள்.

அடுத்து, ஒரு அச்சை முழு வேகத்தில் நூறு முறை முன்னும் பின்னும் ஓட்டி, தொடங்கிய இடத்துக்கு வரச் சொல்லுங்கள். முள் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை என்றால் ஸ்டெப் தவறுகிறது. முதலில் முடுக்கத்தைக் குறையுங்கள், பிறகு வேகத்தை. அப்போதும் ஒரே பக்கமாக, திசை மாறும் எண்ணிக்கைக்கு ஏற்பத் தவறினால், ஸ்டெப் துடிப்புக்கும் திசை சமிக்ஞைக்கும் நடுவில் டிரைவர் கேட்கும் இடைவெளியை அமைப்பில் கொடுக்கவில்லை என்று பொருள்.

கடைசியாக ஒரு வட்டத்தை வெட்டி, எக்ஸ் திசையிலும் ஒய் திசையிலும் இரண்டு மூலைவிட்டத்திலும் அளந்து பாருங்கள். மூலைவிட்டங்கள் இரண்டும் வேறுபட்டால் அச்சுகள் செங்குத்தாக இல்லை.

ஸ்பிண்டில் வேகம், ஃபீட் எவ்வளவு?

ஸ்பிண்டில் 2,500 சுற்றுக்கு மேல் போகாத மெஷின் என்று வைத்துக்கொள்வோம். 6 மி.மீ. விட்டம், இரண்டு பல் ஹைஸ்பீடு கட்டர், அலுமினியம். கட்டர் விளிம்பின் வேகம் 3.14 × 6 × 2,500 ÷ 1,000, அதாவது நிமிடத்துக்கு 47 மீட்டர். அலுமினியத்துக்குப் பாதுகாப்பான வேகம். பல்லுக்கு 0.03 மி.மீ. எடுத்தால் ஃபீட், அதாவது டேபிள் நகரும் வேகம், 2,500 × 2 × 0.03 = நிமிடத்துக்கு 150 மி.மீ. மைல்டு ஸ்டீல் என்றால் விளிம்பு வேகம் 25 மீட்டர் அளவு, சுமார் 1,300 சுற்று.

பயந்துகொண்டு ஃபீட்டை மிகவும் குறைப்பது தப்பு. பல் வெட்டாமல் தேய்க்கும், சூடாகும், மழுங்கும். விசையைக் குறைக்க வேண்டுமானால் அகலத்தைக் குறையுங்கள். ஆழமாக இறக்கி, கட்டர் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் மட்டும் எடுக்கும் பாதைகளைக் கேம் மென்பொருள் வரைந்து தரும். கையால் செய்ய முடியாத இந்த வெட்டு முறை, உறுதி குறைந்த சின்ன மெஷினுக்கு மிகவும் பொருந்தும். சிஎன்சி ஆக்கியதன் பெரிய லாபங்களில் ஒன்று இது.

ஓடவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகலாமா?

வேண்டாம். கட்டர் உடைந்தாலும், வைஸில் ஜாப் நகர்ந்தாலும், சீவல் அடைத்துக்கொண்டாலும் இந்த மெஷினுக்குத் தெரியாது. ஜி-கோட் முடியும் வரை ஓடும். பக்கத்திலேயே, நிறுத்தப் பட்டன் கைக்கு எட்டும் தூரத்தில், கண்ணாடி அணிந்து நில்லுங்கள். நிற்கும் நேரத்தில் சீவலைத் தூரிகையால் ஒதுக்கி, திருகின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளலாம்.